நாக்குப் புண்ணும் மூன்று வகை நெருப்பும்

நாக்கில் புண் என்று ஒரு பாரம்பரியச் சீன மருத்துவரிடம் போனால், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பார். மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பிடிப்பார். அதுவரை வியப்பு ஒன்றுமில்லை. அடுத்த கேள்வி பெரும்பாலும் சிறுநீரைப் பற்றியதாக இருக்கும். மஞ்சளாகப் போகிறதா, கடுக்கிறதா? பிறகு, இரவில் தூக்கம் வருகிறதா, உள்ளங்கை உள்ளங்கால் காந்துகிறதா, தாகத்துக்குப் பச்சைத்தண்ணீர் கேட்கிறதா வெந்நீர் கேட்கிறதா, மலம் இறுகுகிறதா இளகுகிறதா என்று விசாரணை நீளும். புண் இருப்பதோ மிளகளவு. அதற்கு இத்தனை கேள்வியா என்று எரிச்சல்கூட வரலாம். ஆனால் அந்த மருத்துவத்தின் கணக்கு முழுவதும் இந்தக் கேள்விகளில்தான் அடங்கியிருக்கிறது.

நாக்குப் புண் என்றால் உடம்புச் சூடு, சூடு என்றால் குளிர்ச்சியாக எதையாவது கொடு என்பது நம் வீடுகளில் கேட்டுப் பழகிய வைத்தியம். சீன வீடுகளிலும் பாட்டிமார் இதையேதான் சொல்கிறார்கள். அங்குள்ள மருத்துவ நூல்கள் மட்டும் அத்தனை எளிதில் சமாதானம் ஆவதில்லை. என்ன சூடு, எங்கிருந்து கிளம்பிய சூடு என்று அவை துருவுகின்றன. சில நோயாளிகளுக்குக் கசப்பு வேர். சிலருக்கு, கேட்டால் அதிர்ச்சியாக இருக்கும், சுக்கு.

இதற்கு அடிப்படை 'ஹுவாங்தி நெய்ஜிங்' என்னும் பழைய நூல். சீனத் தொன்மத்தின் மஞ்சள் பேரரசர் தன் மருத்துவரிடம் கேள்வி கேட்பதுபோல் அமைந்தது, கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டித் தொகுக்கப்பட்டதாகக் கருதுகிறார்கள். அதன்படி ஒவ்வோர் உள்ளுறுப்புக்கும் முகத்தில் ஒரு வாசல் உண்டு. கல்லீரலுக்குக் கண், நுரையீரலுக்கு மூக்கு, மண்ணீரலுக்கு வாய், சிறுநீரகத்துக்குக் காது, இதயத்துக்கு நாக்கு. இதயம் என்பது இங்கே இரத்தம் இறைக்கும் தசை மட்டுமல்ல, மனம் குடியிருக்கும் இடமும் அதுதான். மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்தில் அதன் பங்கு நெருப்பு. எனவே கவலையும் கண்விழிப்பும் இதயத்தில் நெருப்பை மூட்டும். நெருப்பு மேலே ஏறும். நாக்கு நுனி சிவந்து புண்ணாகும்.

சிறுநீர் எங்கே வந்தது? ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் இணை உண்டு. இதயத்துக்கு இணை சிறுகுடல். உணவின் நீரில் தெளிந்ததையும் கலங்கியதையும் பிரிப்பது சிறுகுடலின் வேலை, கலங்கியது சிறுநீர்ப்பைக்குப் போகும் என்பது அவர்கள் கொள்கை. ஆகவே இதயத்தில் மிஞ்சிய சூடு சிறுகுடலில் இறங்கினால் சிறுநீர் சிவந்து கடுக்கும். அதே வழியில் சூட்டை வெளியேற்றவும் முடியும்.

நெய்ஜிங்கின் 'லிங்ஷு' என்ற பகுதி, உடம்பில் உயிராற்றல் ஓடும் தடங்களை வழிப்போக்கன் ஊர்களைச் சொல்வதுபோல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறது. அவற்றில் மூன்று நாக்கின் அடிக்கு வந்து சேர்கின்றன: இதயத்தின் கிளைத்தடம், மண்ணீரலின் தடம், சிறுநீரகத்தின் தடம். அறுவை மேசையில் தேடினால் இந்தத் தடங்கள் எதுவும் கிடைக்காது. ஆனாலும் இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆயிரம் ஆண்டுகளாக நாக்குப் புண்ணைப் பற்றிச் சீன மருத்துவர்கள் போட்ட சண்டை, இந்த மூன்றில் எது குற்றவாளி என்பதைப் பற்றியதுதான்.

முதலில் இதயம். வடக்குச் சோங் காலத்தில் வாழ்ந்த சியென் யீ சீனக் குழந்தை மருத்துவத்தின் தந்தை எனப்படுபவர். அவர் முறைகளை இன்னொருவர் தொகுத்து 1119இல் நூலாக்கினார். அதில் வரும் 'தாவ் சீ சான்' என்ற பொடி இன்றும் நாக்குப் புண்ணுக்கு முதலில் நினைவுக்கு வரும் மருந்து. சிவப்பு இதயத்தின் நிறம். அந்தச் சிவப்பைக் கீழே வழிநடத்தி வெளியேற்றும் பொடி என்று பெயர். ரெமேனியா என்ற செடியின் பச்சைக் கிழங்கு, மு தோங் என்ற கொடித்தண்டு, அதிமதுர வேரின் மெல்லிய நுனிப்பகுதி, மூங்கில் இலை. நான்கே சரக்கு.

சியென் யீ எழுதிய குறிப்பைப் படித்தால் புண் என்ற சொல்லே இல்லை. தூங்கும் குழந்தையைப் பார், மூச்சுக்காற்று சுடுகிறதா, பல்லைக் கடிக்கிறதா, குப்புறப் படுக்கிறதா என்று பார் என்கிறார். நெஞ்சு காந்தும் குழந்தைக்குச் சொல்லத் தெரியாது. குளிர்ந்த இடம் தேடி நெஞ்சைத் தரையில் அழுத்திக்கொண்டு படுக்கும் என்பது அவர் விளக்கம். பேசத் தெரியாத நோயாளியிடம் இப்படிக் கதை வாங்கியவர் சாதாரண ஆளல்ல. வாய்ப்புண்ணையும் நாக்குப் புண்ணையும் இந்தப் பொடியின் கணக்கில் சேர்த்தவர்கள் பின்னால் வந்தவர்கள்.

இந்த நான்கு சரக்கில் மு தோங்கின் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. பழைய நூல்கள் குறித்தது அகேபியா என்ற கொடியை. இருபதாம் நூற்றாண்டில் சந்தையில் அந்தப் பெயரில் பெருமளவு விற்றது வடகிழக்குச் சீனாவின் வேறொரு கொடி: குவான் மு தோங், அரிஸ்டோலோகியா இனத்தைச் சேர்ந்தது. அந்த இனத்துச் செடிகளில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருங்கிப்போகச் செய்யும்; சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் உண்டாக்கும். இது உலகுக்குத் தெரிந்ததே ஒரு விபத்தால். 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் மெலியும் சிகிச்சை பெற்ற பெண்கள் பலருக்கு ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் செயலிழந்தது. மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக, பெயர் ஒத்த இன்னொரு மூலிகை, அரிஸ்டோலோகியா இனத்தது, கலந்துபோயிருந்தது. நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். சீன அரசு 2003இல் குவான் மு தோங்கை மருந்துப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதுவரை நாக்குப் புண்ணுக்கும் சிறுநீர்க் கடுப்புக்கும் அதைக் குடித்தவர்கள் எத்தனை பேரோ.

தமிழ் வாசகர் இதைச் சீனாக்காரர்களின் சங்கடம் என்று ஒதுக்கிவிட முடியாது. நம் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே அரிஸ்டோலோகியா இனம்தான். அதே அமிலம் அவற்றிலும் இருக்கிறது. 'மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காது' என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு பெயரையும் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது தடம் மண்ணீரல், அதாவது அவர்கள் மொழியில் செரிமானம். இங்கேதான் எனக்குச் சுவாரசியம் கூடுகிறது.

சீனர்களின் அன்றாடப் பேச்சில் 'ஷாங் ஹுவோ' என்பது நிரந்தரக் குற்றவாளி. நெருப்பு ஏறிவிட்டது என்று பொருள். பொரித்தது தின்றாலும் ஷாங் ஹுவோ, லிச்சிப் பழம் அதிகம் தின்றாலும், தேர்வுக்குக் கண்விழித்தாலும் ஷாங் ஹுவோ. குவாங்தோங் மாகாணத்தில் இதைத் தணிக்கவே 'லியாங் சா' என்ற மூலிகைக் கசாயக் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பெயரில் குளிர்ந்த தேநீர் என்றிருந்தாலும் குடிப்பது பெரும்பாலும் சூடாக, தேயிலையும் கட்டாயமில்லை. 1828இல் தொடங்கிய வாங் லாவ் ஜி கசாயம் இப்போது சிவப்புத் தகர டப்பாவில் சர்க்கரைப் பானமாக உலகமெங்கும் போகிறது. இந்தக் கசாய மரபைச் சீன அரசு 2006இல் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் சேர்த்தது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் தமிழர்களுக்கு இந்தக் கடைகள் புதிதல்ல. சூடு, குளிர்ச்சி என்ற கணக்கு அங்கே சீனர் வீட்டுக்கும் தமிழர் வீட்டுக்கும் பொது.

ஆனால் எல்லோருக்கும் குளிர்ந்த கசாயம் சரிப்படாது என்று சீன மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கத்திக்கொண்டிருக்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டின் லீ தோங்-யுவான், போரும் பஞ்சமும் கண்ட வடசீனாவில் வைத்தியம் பார்த்தவர். பட்டினியும் அலைச்சலும் செரிமானத்தைக் கெடுத்த உடம்பிலும் நெருப்பு எழும், அது பலத்தால் வந்த நெருப்பல்ல, பலவீனத்தால் வந்தது என்றார். அடுத்த நூற்றாண்டில் ஜு தான்-சி (1281–1358) வழிவந்த நூல் இதை நேராக வாய்ப்புண்ணுக்கே பொருத்துகிறது. குளிர்ந்த மருந்து கொடுத்தும் வாய்ப்புண் ஆறாதவர், சாப்பிடவும் முடியாதவர் என்றால் அவருடைய நடுவுடம்பு வலுவிழந்திருக்கிறது. அடக்க ஆளில்லாமல் நெருப்பு மேலே ஏறுகிறது. அவருக்குக் கொடுக்க வேண்டியது ஜின்செங், சுக்கு, அதிமதுரம், வெண்மையான ஒரு கிழங்கு சேர்ந்த கசாயம். பட்டையை வாயில் அடக்கிக்கொள்வதும் நல்லது என்கிறது.

வாய் வெந்துகிடப்பவனுக்குச் சுக்குக் கசாயமா? ஆமாம். நாக்கு வெளுத்து, வீங்கி, ஓரத்தில் பல் பதிந்த தடம் தெரிந்தால், புண் சிவந்து துடிக்காமல் வெளிறிக் கிடந்தால், ஆள் களைத்து மலம் இளகினால், மருத்துவர் அந்தப் பக்கம்தான் போவார். நாக்கைப் பார்த்து இப்படிப் பிரிப்பதற்கென்றே 1341இல் 36 நாக்குப் படங்களுடன் ஒரு நூல் வந்திருக்கிறது. நுனி இதயத்துக்கு, ஓரங்கள் கல்லீரலுக்கு, நடுப்பகுதி செரிமானத்துக்கு, அடி சிறுநீரகத்துக்கு என்று நாக்கைப் பங்கு போடும் வரைபடத்தை இன்று இணையத்தில் எங்கும் பார்க்கலாம். ஓரத்தில் புண் என்றால் கோபம் என்று அதிலிருந்து நேராக முடிவு கட்டுபவர்களை நம்ப வேண்டியதில்லை; கூர்ப்பல் உரசினாலும் ஓரத்தில்தான் புண் வரும்.

மூன்றாவது தடம் சிறுநீரகம். அது நீர், இதய நெருப்பைக் கட்டுக்குள் வைப்பது அதன் வேலை. வயதாலோ தூக்கம் கெட்டதாலோ நீர் வற்றினால் நெருப்பு பெரிதாகாமலேயே பெரிதாகத் தெரியும். வலி குறைவாக, அடிக்கடி திரும்பி வருகிற புண். இரவில் வாய் வறளும், உள்ளங்கால் காந்தும். இதற்கான வைத்தியங்களில் ஒன்று விசித்திரமானது. லீ ஷிஜென்னின் 'பென்சாவ் காங்மு' என்ற மருந்துச்சரக்குப் பெருநூல் 1596இல் அச்சானது. அதில் 'ஊ ஜு யூ' என்ற காரமான சிறு காயை அரைத்து, காடியில் குழைத்து, இரண்டு உள்ளங்காலிலும் பற்றுப் போட்டால் வாய்ப்புண் ஓர் இரவில் ஆறும் என்றிருக்கிறது. காய் சூடானதுதான், ஆனால் சூட்டைக் கீழே இழுக்கும் என்பது அவர் நியாயம். சிறுநீரகத் தடம் தொடங்கும் இடம் உள்ளங்கால். கசாயத்தைத் துப்பிவிடும் குழந்தைகளுக்குச் சீனாவில் இந்தப் பற்று இன்றும் போடப்படுகிறது. ஓர் இரவில் ஆறும் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் வாய்க்குள் எதையாவது தடவி அழவைப்பதைவிட இது தேவலாம்.

வாய்க்குள் தடவும் பொடிகளுக்கும் பஞ்சமில்லை. அவற்றில் அழகானது தர்பூசணிப் பனி. தர்பூசணித் துண்டுகளையும் சோடியம் சல்பேட் உப்பையும் மெருகு பூசாத மண்பானையில் அடுக்கி மூடி, காற்றோட்டமான குளிர்ந்த இடத்தில் தொங்கவிடுவார்கள். சில நாட்களில் உள்ளிருக்கும் நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு பானையின் நுண்துளை வழியே கசியும். வெளிப்புறத்தில் உறைபனி பிடித்ததுபோல் வெள்ளைப் படிகம் பூக்கும். அதை இறகால் அல்லது தூரிகையால் மெல்லத் துடைத்து எடுப்பார்கள். பூக்கப் பூக்க எடுப்பார்கள். குய்லின் ஊரின் தர்பூசணிப் பனி இன்று தெளிப்பான் புட்டியில், வேறு சரக்குகளும் சேர்ந்து, சீன மருந்துக்கடைகள் தோறும் கிடைக்கிறது.

இன்னொன்று 'பிங் பெங் சான்'. 1617இல் வந்த ஓர் அறுவை மருத்துவ நூலில் அதன் செய்முறை இருக்கிறது. சரக்குகளின் பெயரைத் தமிழில் சொன்னால் நம் நாட்டு மருந்துக்கடையில் நிற்பதுபோல் இருக்கும்: வெங்காரம், பச்சைக் கற்பூரத்தின் வகை, சாதிலிங்கம், நீர் வற்றவைத்த சோடியம் சல்பேட் உப்பு. இந்த ஒற்றுமை தற்செயல் மட்டுமல்ல. அந்தக் கற்பூரம் சுமத்ராவின் பாருஸ் துறைமுகத்திலிருந்து சீனாவுக்கும் போனது, நம் பக்கமும் வந்தது. பாருஸ் அருகே லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் வணிகக் குழு நட்டது. வெங்காரத்தைத் தேனில் குழைத்து வாய்ப்புண்ணில் தடவுவது நம் சித்த மருத்துவத்திலும் உண்டு. ஆனால் இரண்டு மரபுக்கும் ஒரே எச்சரிக்கை பொருந்தும். சாதிலிங்கம் பாதரசம், வெங்காரம் கைக்குழந்தைகளின் உடம்பில் சேர்ந்தால் வலிப்பு வரை கொண்டுபோகும்.

பழைய நூல்களின் கண் எவ்வளவு கூர்மையானது என்பதற்கு ஒரே ஒரு சான்று கேட்டால் நான் 'ஹூ ஹுவோ' நோயைத்தான் காட்டுவேன். கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் அதை விவரிக்கிறார். தொண்டையில் சதையை அரித்துத் தின்னும் புண், பிறப்புறுப்பிலும் புண். ஆள் பேசாமல் சுருண்டு கிடப்பான், கண் மூடாது. சோற்றின் வாசனையே பிடிக்காது. முகம் ஒருநேரம் சிவக்கும், ஒருநேரம் கறுக்கும், ஒருநேரம் வெளுக்கும். அதே அத்தியாயத்தில், மூன்று நான்கு நாளில் கண்கள் புறாக் கண்ணைப்போல் சிவக்கும் என்று ஒரு வரி. 1937இல் இஸ்தான்புல்லின் தோல் மருத்துவர் ஹுலூசி பெஹ்சத், வாயிலும் பிறப்புறுப்பிலும் திரும்பத் திரும்ப வரும் புண், கண் அழற்சி ஆகிய மூன்றையும் ஒரே நோயாகச் சேர்த்து எழுதினார். இன்று அதற்கு அவர் பெயர்தான். துருக்கியிலிருந்து ஜப்பான் வரை பழைய பட்டுப்பாதை நெடுக அதிகம் காணப்படும் நோய் அது. ஹூ ஹுவோவும் இதுவும் ஒன்றே என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சீன மருத்துவர்கள் பலர் ஒன்றாகவே கருதி, ஜாங் சொன்ன அதிமதுரக் கசாயத்தையே இன்றும் கொடுக்கிறார்கள். அதில் கசப்பு வேரும் சுக்கும் ஒரே சட்டியில் கொதிக்கின்றன. சூடா குளிர்ச்சியா என்ற கேள்விக்கு இரண்டும்தான் என்கிற மருந்து.

சரி, இதெல்லாம் பலிக்கிறதா? இந்தக் கேள்விக்கு நாக்குப் புண்ணே ஒரு தடை. நம்மில் பெரும்பாலோருக்கு வரும் சாதாரண வாய்ப்புண் ஒரு சென்டிமீட்டருக்கும் சிறியது. 7 முதல் 14 நாளில் தழும்பின்றித் தானே ஆறிவிடும். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது வந்து போகிறது. வலி தாங்காமல் நான்காம் நாள் மருத்துவரைத் தேடிப் போகிறவருக்கு எட்டாம் நாள் குணமானால் பெயர் யாருக்கு? கசாயத்துக்கு. மணத்தக்காளிக் கீரைக்கும் இதே நல்ல பெயர்தான். உள்ளுக்குச் சாப்பிடும் மருந்துகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளிவந்த, காக்ரேன் என்ற பன்னாட்டு மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பீடு, அலோபதி மருந்துகள் உட்பட எதையும் உறுதியாகப் பரிந்துரைக்க முடியாது என்று கைவிரித்தது.

நெருப்புக் கதையை ஒதுக்கிவிட்டு நோயாளியை மட்டும் பார்த்தால் வேறு சித்திரம் தெரிகிறது. வெளிறிய நாக்கு, களைப்பு, பசியின்மை, இளகிய மலம், குளிர்ச்சி கொடுத்தும் ஆறாத புண் என்று ஜு தான்-சி மரபு வரையும் ஆளை இன்றைய மருத்துவர் பார்த்தால், இரும்புச் சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றின் அளவைச் சோதிக்கச் சொல்வார். கோதுமைப் புரதம் ஒவ்வாத குடல்நோய் இருக்கிறதா என்றும் பார்ப்பார். இந்தச் சத்துக்கள் குறைந்தவர்களுக்கு வாய்ப்புண் திரும்பத் திரும்ப வருவது தெரிந்த விஷயம். இஸ்ரேலில் நடந்து 2009இல் வெளியான ஒரு சிறு ஆய்வில், தினமும் 1000 மைக்ரோகிராம் பி12 ஆறு மாதம் எடுத்தவர்களில் நான்கில் மூன்று பேருக்குக் கடைசி மாதத்தில் புண்ணே வரவில்லை. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கே அப்படி. ஆக, இந்த நோயாளி வேறு வகை, இவரைக் குளிர்விக்காதே என்று பிரித்துப் பார்த்தது சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. சுக்கு பி12 ஆகாது என்பதும் அதே அளவு சரி. இதய நெருப்பு என்று அவர்கள் கண்ட ஆளும் நமக்குத் தெரிந்தவர்தான்: கவலை, தூக்கமின்மை. சிறுநீர் மஞ்சளாவதற்குச் சிறுகுடலைத் தேட வேண்டியதில்லை. வாய் எரிகிறவர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்.

கசாயம் குடிப்பவர்களுக்கு இன்னொரு குறிப்பு. இந்த மருந்துகளில் பெரும்பாலானவற்றில் அதிமதுரம் இருக்கும். வாரக்கணக்கில் எடுத்தால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தம் மருத்துவரிடம் சொல்லாமல் குடிக்கக் கூடாது.

மூன்று நெருப்பில் எதிலும் அடங்காத நாக்குப் புண் ஒன்று உண்டு. நாக்கின் ஓரத்தில் அல்லது அடியில், பெரும்பாலும் வலியே இல்லாமல், விளிம்பு தடித்து, தொட்டால் கல்போல் இறுகி, ஆறாமல் நிற்கும். அது புற்றுநோயாக இருக்கலாம். சீனாவின் ஹுனான் மாகாணத்தில் இதை அதிகம் பார்க்கிறார்கள். அங்கே பாக்கை மட்டையோடு உலர்த்தி, இனிப்பும் வாசனையும் ஏற்றி, நாள் முழுக்க மெல்லும் வழக்கம் இருக்கிறது. புகையிலை சேராத வெறும் பாக்கே வாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. பாக்கு விளம்பரங்களை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நிறுத்தச் சீன அரசு 2021இல் உத்தரவிட்டது. வெற்றிலை, பாக்கு, புகையிலை போடும் நம் ஊர்க்காரருக்கு நாக்கோரத்தில் புண் வந்து இரண்டு மூன்று வாரமாகியும் ஆறவில்லை என்றால் கீரையும் வேண்டாம், தர்பூசணிப் பனியும் வேண்டாம். பல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ உடனே காட்டி, சதைத்துணுக்கு எடுத்துச் சோதிக்கச் சொன்னால் மறுக்காமல் சோதித்துக்கொள்ள வேண்டும். சீன மருத்துவக் கல்லூரிகளிலும் மாணவர்கள் நவீன மருத்துவத்தைச் சேர்த்தே படிக்கிறார்கள்; அப்படிப் படித்து வந்தவர் இந்தப் புண்ணைப் பார்த்தால் கசாயத்துக்கு முன் அந்தச் சோதனைக்குத்தான் அனுப்புவார்.